வடாம் டப்பாவுடன் ஒரு கடிதம்

திருவல்லிக்கேணி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள காயத்ரிக்கு,

அம்மாவின் அநேக ஆசீர்வாதம். இங்கு அனைவரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. வடாம் நன்றாகக் காய்ந்துவிட்டது. நீ கொடுத்த புது முகவரிக்கே அனுப்புகிறேன். பழைய வீடு மூன்றாம் மாடி. இது அடித்தளம் என்று போட்டிருக்கிறாய். அடித்தளத்தில் ஈரம் ஏறும். டப்பாவைத் தரையில் வைக்காதே. காலில் சாக்ஸ் இல்லாமல் நடக்காதே.

வீடு மாறியதைப் பற்றி நீ ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மாப்பிள்ளைக்குப் பிடிக்குமே என்று வழக்கம்போல மிளகு வடாமும் பிழிந்தேன். அதைத் தனிப் பையில் கட்டியிருக்கிறேன். தேவைப்படாவிட்டால் பக்கத்து வீட்டில் யாருக்காவது கொடுத்துவிடு.

போன வாரம் ஓர் ஏரியைச் சுற்றி நடந்துகொண்டே பேசினாயே, ஃப்ரெஷ் பாண்ட் என்று பெயர் சொன்னாய். ஓய்வு பெற்றும் வரலாறு டீச்சரின் வாய் ஓயவில்லை என்று சிரிக்காதே. அந்த ஏரிக்கும் நம் ஐஸ் ஹவுசுக்கும் பழைய கணக்கு உண்டு. பாஸ்டனில் ஃபிரெடெரிக் டியூடர் என்றொரு வியாபாரி இருந்தார். 1806-இல் கரீபியன் கடலில் உள்ள மார்ட்டினிக் தீவுக்குக் கப்பலில் பனிக்கட்டி அனுப்பினார், ஊர் சிரித்தது. 1833-இல் கல்கத்தாவுக்கு 180 டன் ஏற்றி அனுப்பினார். நான்கு மாதப் பயணம், நிலநடுக்கோட்டை இரண்டு முறை தாண்ட வேண்டும். அப்படியும் ஏறத்தாழ 100 டன் உருகாமல் போய்ச் சேர்ந்தது. பிறகுதான், 1842 வாக்கில், நம் கடற்கரையில் அவருடைய பனிக்கட்டியை வைக்க அந்த உருண்டைக் கட்டடம் எழுந்தது.

நீ சுற்றி நடந்த ஏரியும் அந்தப் பக்கத்து மற்ற ஏரிகளும் குளிர்காலத்தில் உறைந்ததும் குதிரை பூட்டிய கலப்பையால் பனியில் கோடு கிழிப்பார்களாம். கோட்டின் வழியே சதுரம் சதுரமாக அறுத்து எடுத்து, மர ஆலைகளில் வேண்டாம் என்று கொட்டும் மரத்தூளில் பொதிந்து கப்பலில் அடுக்குவார்கள். சென்னையில் அப்போது துறைமுகம் ஏது? கப்பல் தூரத்தில் நிற்கும். மசூலா படகுக்காரர்கள்தான் அலைகளைத் தாண்டிச் சரக்கைக் கரை சேர்ப்பார்கள். அந்தப் படகில் ஓர் ஆணிகூடக் கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அடித்தால் வளைந்து கொடுக்கும், உடையாது. இயந்திரத்தில் பனிக்கட்டி செய்யத் தொடங்கியதும் பனி உழுத ஆட்களுக்கு வேலை போயிற்று. துறைமுகம் வந்தது, மசூலா படகுகளும் போயின.

நீ அந்த ஏரியைக் குளிரில் எல்லாம் சுற்றவேண்டாம். இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடு. தனியாக என்றால் கட்டாயம் வந்துவிடு.

ஐஸ் வியாபாரம் முடிந்தபின் கட்டடம் வக்கீல் பிலிகிரி ஐயங்காரிடம் வந்தது, 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் அங்கே ஒன்பது நாள் தங்கினார் என்பதையெல்லாம் வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அது அத்தைப் பாட்டி இருந்த கட்டடம், அவ்வளவுதான். அவளுடைய புகைப்படத்தை உன் கல்யாணத்தன்று பெரியப்பா கூடத்திலிருந்து கழற்றி உள்ளே வைத்தார் அல்லவா? மறுநாள் காலையில் நான் திரும்ப மாட்டினேன். அங்கேயே இருக்கிறது.

கணவன் முகமே நினைவில்லாத வயதில் அவளுக்கு எல்லாம் முடிந்துவிட்டது. பெரியவளானதும் தலையை மழித்தார்கள். அப்புறம் நார்மடி என்கிற நார்ப் புடவை, ராத்திரி சோறு கிடையாது, பலகாரம் மட்டும், நல்ல காரியம் நடக்கும் இடத்தில் முகம் காட்டக்கூடாது. நாவிதர் விடிவதற்கு முன்பே கொல்லைப்புறமாக வந்து போவாராம். தெருவுக்குத் தெரியக்கூடாதாம், தெருவே சேர்ந்து செய்யச் சொன்ன காரியம்! இன்று யாரிடமாவது சொன்னால் நம்பமாட்டார்கள். எனக்கு இன்னமும் ஆறாதது என்னவென்றால், செய்தவர்கள் யாரும் கொடுமைக்காரர்கள் இல்லை. அவளுடைய அம்மாவே அழுதுகொண்டே கையைப் பிடித்து உட்காரவைத்தாளாம். கேட்டால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பது பதில்.

அந்த நாலு பேரை மதிக்காத ஒருத்தி சகோதரி சுப்புலட்சுமி. அவருக்கும் பதினோரு வயதில் கல்யாணம், சீக்கிரமே கணவர் இறந்தார். வீட்டார் படிக்கவைத்தார்கள். 1911-இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் என்பார்கள். தன்னைப் போன்ற சிறு பெண்களைச் சேர்த்துப் படிக்கவைத்தார். அவர்கள் தங்கத்தான் அரசு ஐஸ் ஹவுசைக் கொடுத்தது. நம் பாட்டிக்கு முடி திரும்ப வளர்ந்தது அங்கேதான். அவள் டீச்சர் ஆகிச் சம்பாதித்த பணத்தில்தான் என் தாத்தா படித்தார். இதை மட்டும் பெரியப்பா எந்தக் கல்யாணத்திலும் சொன்னதில்லை.

உனக்கு அவள் பிடிவாதம் அப்படியே வந்திருக்கிறது. தனியாகப் போய், தனியாகப் படித்து, அந்த ஊரில் நின்றாய். பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லித் தீர்த்துவிட்டேன். ஆனால் அவளிடம் இருந்த ஒன்று உன்னிடம் இல்லை. அவள் எது நடந்தாலும் வீட்டுக்கு ஒரு கார்டு போட்டுவிடுவாள். நீயோ, மார்க் குறைந்தால்கூட மொட்டைமாடியில் போய் உட்கார்ந்துகொள்வாய். சாப்பிட அழைத்தால் பசியில்லை என்பாய். ராத்திரி சமையலறையில் பாத்திரம் உருளும். நாங்களும் தூங்குவதுபோலப் படுத்திருப்போம்.

ரேவதிக்குப் பெண் குழந்தை. மெட்ரோ வேலைக்காகக் கடற்கரைப் பக்கம் தோண்டிப்போட்டிருக்கிறார்கள். வேறென்ன? ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. வேளைக்குச் சாப்பிடு. சாக்ஸ் போடு.

மாடி அறையில் இருந்த சாமான்களை எல்லாம் எடுத்துவிட்டேன், ஃபேனும் மாற்றியாயிற்று. காரணம் ஒன்றும் இல்லை, காற்றோட்டமாக இருக்கட்டும் என்றுதான். பெரியப்பா அதிகம் வருவதில்லை. வந்தாலும் காபி கொடுத்து அனுப்பிவிடுவேன்.

அப்பா தினமும் சாயங்காலம் மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்று கேட்கிறார். நன்றாக இருக்கிறார் என்று சொல்லிவருகிறேன். இனி என்ன சொல்லவேண்டும் என்று நீ சொன்னால் அதைச் சொல்கிறேன். அவர் ஒன்றும் சொல்லமாட்டார், எனக்குத் தெரியும்.

புது வீட்டில் அடுப்பு காஸா, மின்சாரமா? மின்சாரம் என்றால் நீ வைத்திருக்கும் வாணலி சரிப்படாமல் போகலாம். சிறியதாக ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், ஒருவருக்குப் போதும்.

அன்புடன்,
அம்மா