செயலாளராகிவிட்ட நண்பனுக்கு

அன்பின் மச்சான்,

கடிதம் கிடைத்தது. இங்கே காலபோக (மாரிகால) நெற்பயிர் ஒரு சாண் நிற்கிறது. இரணைமடுக் குளம் இன்னும் நிரம்பி வான் பாயவில்லை. உன்னைக் கோவில் பங்கின் அருட்பணிச் சபைச் செயலாளராக்கிவிட்டார்கள் என்று வாசித்துச் சிரித்தேன். கனடாக் காசில் மணிக்கோபுரமா சுற்றுமதிலா என்று ஊர் இரண்டுபட்டு நிற்கும் நேரத்தில் அந்தக் கதிரைக்கு வேறு யார் வருவார்கள்?

அந்த விஷயத்தில் கை உயர்த்தும் வாக்கெடுப்பு மட்டும் வைக்காதே. காசு அனுப்பியவர்கள் எதற்கென்று சொல்லி அனுப்பினார்கள் என்று முதலில் பார். குறித்த ஒரு நோக்கத்துக்குக் கொடுத்த காணிக்கையை அந்த நோக்கத்துக்கே செலவிட வேண்டும் என்கிறது 1983ஆம் ஆண்டுக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1267ஆவது சட்டம். கோபுரத்துக்கென்று வந்தது மதிலுக்குப் போக வேண்டுமானால் முதலில் அவர்களிடம் எழுதிக் கேட்க வேண்டும். அவர்கள் அனுப்பிய வைபர் செய்திகளை அச்செடுத்துக் கோப்பில் போடு. பாதிச் சண்டை அதோடு அடங்கும். மீதிப் பாதி, காசு யாருடைய கணக்குக்கு வந்தது என்பது. தனியாளின் கணக்கு என்றால் அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் கதை கிளம்பும். பங்கின் பெயரில் கணக்கு, இரண்டு கையொப்பம், இலக்கமிட்ட பற்றுச்சீட்டு, ஆலய அறிவித்தல் பலகையில் வரவுசெலவு. உண்டியலை மூன்று பேர் சேர்ந்து அன்றைக்கே ஆலயத்துக்குள் வைத்து எண்ணட்டும்.

சபையின் அதிகாரம் எவ்வளவு என்பதையும் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடு. 536ஆவது சட்டப்படி அது ஆலோசனைச் சபைதான், தலைவர் பங்குத்தந்தை. நிதிச் சபையோ 537இன்படி ஒவ்வொரு பங்கிலும் கட்டாயம் இருக்க வேண்டும். இது தெரியாமல் வாக்கெடுத்துவிட்டு, சுவாமி (பங்குத்தந்தை) வேறு முடிவெடுத்ததும் "ஏமாற்றிவிட்டார்" என்கிறார்கள். நிகழ்ச்சிநிரலில் ஒவ்வொரு விடயத்துக்கும் பக்கத்தில் "ஆலோசனைக்கு" அல்லது "முடிவுக்கு" என்று எழுது. முடிவை யார், எந்தத் திகதிக்குள் சொல்வார் என்றும் போடு. "ஆலோசனைதானே" என்று சபையைத் தட்டிக்கழிக்கிற சுவாமிமாரும் உண்டு. அவர்கள் மாற்றலாகிப் போய்விடுவார்கள், மனக்கசப்போடு இருக்கப்போவது ஊர்தான். அதை மரியாதையாக, தனியே சொல்.

நவநாளில் எந்த நாளை யார் பொறுப்பேற்றுச் செய்வது என்ற உபயச் சண்டை இதைவிடச் சிக்கல். பழைய பங்கு மக்கள் ஒருபக்கம், 2009க்குப் பிறகு வந்து குடியேறியவர்கள் மறுபக்கம். திருத்தூதர் பணிகள் 6ஆம் அதிகாரத்தை ஒருக்கால் எடுத்துப் பார். தங்கள் கைம்பெண்கள் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசியவர்கள் முறையிட்டபோது, திருத்தூதர்கள் அதை மறுத்துப் பேசவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கும்படி சீடர்களிடமே விட்டார்கள். ஸ்தேவான் முதல் அந்த ஏழு பெயரும் கிரேக்கப் பெயர்கள். ஆகவே உபயப் பட்டியல் போடும் குழுவில், முறையிடுகிற பக்கத்து ஆட்களையே கூடுதலாகப் போடு. பழைய உபயகாரரை வெட்டாமல் ஒரு நாளை இரண்டு அன்பியங்களுக்கு (பங்கின் சிறு குழுக்களுக்கு) பகிர்ந்து கொடுக்கலாம்.

ஆளுக்கு ஆள் பகை என்றால் மத்தேயு 18: தனியே பேசு, பிறகு ஒருவர் இருவரோடு போ, அதற்குப் பிறகுதான் திருச்சபைக்கு முன். நம்மவர்கள் நேரே மூன்றாம் படிக்கு, பூசை முடிந்த கையோடு ஆலய முற்றத்துக்குப் போய்விடுகிறார்கள். அதற்குப் பிறகு யாராலும் பின்வாங்க முடியாது. கூட்டிப்போகிறவர்களும் தன் கட்சி ஆட்களாக இருக்கக்கூடாது. ஒரு பிள்ளைக்குத் தீங்கு நடந்ததாகப் பேச்சு வந்தால் இந்தப் படிகள் எதுவும் பொருந்தாது. உள்ளே வைத்துச் சமரசம் பேச விடாதே. அன்றைக்கே 1929 சிறுவர் உதவித் தொலைபேசிக்கு அறிவி, பொலிசுக்கும் சொல்.

கூட்டத்தை அறுவடைக் காலத்திலோ ஞாயிறு பூசைக்குப் பின் பசியோடோ வைக்காதே. ஒன்றரை மணித்தியாலம் போதும். எழுதிய குறிப்பை ஆட்கள் எழும்ப முன் வாசித்துக் காட்டு, "நான் அப்படிச் சொல்லவில்லை" என்பவர் அங்கேயே திருத்தட்டும்.

அந்த வைபர் செய்திகளின் பிரதியை எனக்கும் அனுப்பு. கூட்டத்துக்கு முன் பார்த்துச் சொல்கிறேன். ஆடி (யூலை) 2 திருவிழாவுக்கு மடு மாதா கோவிலுக்கு வருவாய்தானே?

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்