சித்திர ஓடு இன்னும் வீட்டுக்கு வராதது ஏன்?

அன்புடைய பெற்றோர்களுக்கு வணக்கம்.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் களிமண்ணில் சித்திரத் தட்டோடு, அதாவது படம் செதுக்கிய தட்டையான சதுர ஓடு, செய்யப் பழகத் தொடங்கி மூன்று சனிக்கிழமைகள் ஆகின்றன. "இன்னும் ஒன்றுகூட வீட்டுக்கு வரவில்லையே" என்று உங்களில் சிலர் பள்ளி வாயிலிலேயே கேட்டீர்கள். கேட்காதவர்களுக்கும் அந்த எண்ணம் இருக்கலாம் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நம் ஊர்ப்பக்கம் ஓடு என்றதும் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்தான் நினைவுக்கு வரும். கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணக் கலவையை ஊற்றி, அதன்மேல் சிமெண்டும் மணலும் இட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து இறுகச் செய்யும் அந்தக் கல்லில் நெருப்புக்கு வேலையே இல்லை. பிள்ளைகள் செய்வது அதற்கு நேர்மாறானது: களிமண்ணில் உள்ள தண்ணீர் மெல்ல வெளியேறி, பிறகு சூளையில் வெந்தால்தான் அது ஓடாகும். 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற மானாமதுரை மண்பாண்டங்களும், நம் ஐயனார் கோவில்களில் நிற்கும் மண் குதிரைகளும் இந்த வழியில் வந்தவையே.

மண்ணை நன்றாகப் பிசைந்து, இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவே பூரிக்கட்டையால் உருட்டி, ஒன்றரை சென்டிமீட்டர் கனத்தில் 15 சென்டிமீட்டர் சதுரமாக அறுக்கிறார்கள். உடனே செதுக்க முடியாது. கருவி பட்ட இடமெல்லாம் பிசுபிசுவென்று இழுக்கும். ஈரத்துணி மூடி ஓரிரு நாள் வைத்தபின், விரலால் அழுத்தினால் அமுங்காமலும் நகத்தால் கீறினால் கோடு விழும்படியும் ஒரு பதம் வரும். அந்தப் பதத்தில் செதுக்கினால் மண் சுருள் சுருளாக, தேங்காய்ச் சீவல்போல வருகிறது. போன வாரம் ஒரு மாணவி தன் வீட்டு நிலைக்கதவில் உள்ள தாமரையை வரைந்துகொண்டு வந்து, பூவையே குடைந்துகொண்டு போனாள்; பூ குழியாகிவிட்டது. ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. அவளே சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, இன்னொரு தட்டோட்டில் இதழ்களை அப்படியே விட்டு, சுற்றியுள்ள மண்ணை மட்டும் சீவினாள். பூ எழுந்து வந்தது. நிலைக்கதவில் தச்சர் செய்திருப்பதும் இதுதான் என்பதை அவள் கண்டுபிடித்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

இனி, தாமதத்துக்கு வருகிறேன். சென்ற ஆண்டு ஆண்டுவிழாவில் காட்சிக்கு வைக்கும் ஆசையில், ஈரம் காயாத தட்டோடுகளை மொட்டைமாடி வெயிலில் பரப்பச் சொன்னவன் நான்தான். மேற்புறமும் ஓரங்களும் முந்திக் காய்ந்து சுருங்க, அடிப்புறம் ஈரமாகவே இருந்ததால், மாலைக்குள் அத்தனையும் அப்பளம்போல வளைந்துவிட்டன. தேறியவற்றைச் சூளைக்கு அனுப்பினோம், உள்ளே எஞ்சியிருந்த ஈரம் ஆவியாகி அவற்றிலும் சில வெடித்துச் சிதறின. ஆகவே இம்முறை ஓரங்களைப் பிளாஸ்டிக் தாளால் மூடி, பலகையின்மேல் நிழலில் வைத்து, அவ்வப்போது திருப்பிப் போட்டு, இரண்டு மூன்று வாரம் ஆறவிடுகிறோம். கன்னத்தில் வைத்துப் பார்த்தால் குளிர்ச்சி தெரியாத அளவுக்குக் காய்ந்தபிறகே, நமக்கு மண் தரும் குயவரான வேளார் வீட்டுச் சூளையில் அவர்களுடைய பானைகளோடு சேர்த்து வைக்கப்படும். காய்ந்தும் வெந்தும் முடிகையில் ஓடு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சுருங்கியிருக்கும். பள்ளி ஏமாற்றிவிட்டதாக நினைக்க வேண்டாம்.

உங்களிடம் வேண்டுவது சில. சனிக்கிழமைகளில் பழைய பருத்தி உடையையே அணிவித்து அனுப்புங்கள். களிமண் அப்பிய துணியை வாளித் தண்ணீரில் அலசி அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள். தொட்டிக் குழாயில் விட்டால் அடைத்துக்கொள்ளும். கைப்பேசியில் கிடைக்கும் மயில் படங்களை அச்செடுத்துக் கொடுத்தனுப்ப வேண்டாம். அந்த ஒரே மயில் இதுவரை ஒன்பது தட்டோடுகளில் வந்துவிட்டது. வீட்டு நிலைக்கதவின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பதிவெடுக்கப் பிள்ளைக்கு உதவுங்கள். எல்லாருக்கும் செதுக்கிய நிலைக்கதவுள்ள பழைய வளவு வீடு கிடையாது என்பதை அறிவேன். அப்பத்தா இடும் கோலமோ, ஜன்னல் கம்பி வளைவோ, கோவில் தூணோ போதும். மிக முக்கியமாக, கோணலாக இருக்கிறதென்று பிள்ளையின் படத்தை நீங்கள் திருத்தித் தராதீர்கள்.

சூளை பிரிக்கும் நாளில் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்ல விரும்புகிறோம். கீழேயுள்ள ஒப்புதல் சீட்டில் கையொப்பமிட்டு வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்ப்பிக்கக் கேட்டுக்கொள்கிறேன். இதற்குக் கட்டணம் ஏதுமில்லை.

தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்