தம்பியைக் கூப்பிடாதே

அன்பு மகனுக்கு,

போனில் என்றால் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய். அதனால்தான் எழுதுகிறேன். தம்பியை நீ வேலை செய்கிற கொழும்பு பஞ்சிகாவத்தை கராஜுக்கு இப்போது கூப்பிடாதே. அவன் வீட்டிலிருந்தே ஹட்டனுக்குப் போய்வந்து கரண்ட் வேலை படிக்கட்டும் என்று நானும் அம்மாவும் முடிவு செய்துவிட்டோம்.

ஏ.எல். என்கிற உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணியும் தம்பிக்குக் கெம்பஸ் கிடைக்கவில்லை என்றதும், இங்கே துக்கம் விசாரிப்பது போல ஆட்கள் வந்து போகிறார்கள். நாட்டிலேயே தகுதி பெறுகிற பிள்ளைகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குத்தான் அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம். பின்தங்கிய மாவட்டம் என்று நுவரெலியாவுக்குக் கொஞ்சம் ஒதுக்கீடு இருந்தாலும், இடம் கொடுக்கப் பார்க்கிற இசட் ஸ்கோர் புள்ளி எட்டாவிட்டால் எட்டாததுதான். மிச்சப் பிள்ளைகளுக்கு நம் பக்கத்தில் தெரிந்த ஒரே வழி கொழும்பு பஸ். நீயும் அப்படிப் போனவன்தானே.

டெக்னிக்கல் படித்தால் அதோடு நின்றுவிடுவான் என்றாய். அப்படி இல்லை. தேசிய தொழில் தகைமையில், அதுதான் என்விகியூ என்கிறார்களே, அதில் ஏழு மட்டம். நாலாம் மட்டம் முடித்தவன் யார் துணையும் இல்லாமல் வேலையை எடுத்துச் செய்யலாம். ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். அதற்கென்றே இரத்மலானையில் தொழிற்கல்வித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது, 2008ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. அமெரிக்காவிலும் இதே மாதிரி ஏற்பாடு உண்டு என்று தம்பியின் சேர் சொன்னார். கம்யூனிட்டி காலேஜ் என்று அதற்குப் பெயர், சிகாகோவுக்குப் பக்கத்தில் ஜோலியட் என்ற ஊரில் 1901இல் ஆறு மாணவர்களோடு தொடங்கியதாம். வீட்டிலிருந்தே இரண்டு வருசம் படித்துவிட்டு மூன்றாம் வருசம் பல்கலைக்கழகத்தில் சேரலாம். அங்கே யாரும் அதை இளக்காரமாகப் பார்ப்பதில்லை என்று சேர் சொன்னதை மட்டும் நான் முழுதாக நம்பவில்லை. எந்த ஊரிலும் நாலு பேர் பேசத்தான் செய்வார்கள்.

எனக்கு இதில் பெரிய விசயம் ஊர்தான். ஸ்டோரில், அதுதான் தேயிலை ஆலையில், மோட்டார் எரிந்தால் கண்டியிலிருந்து ஆள் வரும்வரை கொழுந்து குவிந்து கிடக்கிறது. வருகிற ஆளின் கூலி, வேன் வாடகை, சாப்பாட்டுக் காசு எல்லாம் கண்டி ரோட்டிலேயே இறங்கிப் போகிறது. அதே வேலையை நம் பிள்ளை செய்தால் அந்தக் காசு டவுன் கடையில் அரிசியாகவும் கொப்பியாகவும் சுற்றும். நானுஓயாவிலிருந்து எல்ல வரைக்கும் கெஸ்ட் ஹவுஸ் முளைக்கிறது. குளிர்சாதனப் பெட்டி, சுடுதண்ணி ஹீட்டர், பைப் எது பழுதானாலும் கூப்பிட ஆள் வேண்டும். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தைச் சொல்லவே வேண்டாம். ஒரு காம்பிராவுக்கு, அதாவது ஒற்றை அறை வீட்டுக்கு, வந்த வயரைப் பக்கத்து வீடு வரைக்கும் இழுத்து, அதில் ரைஸ் குக்கரும் டிவியும் போட்டு, கடைசியில் வரிசையே எரிந்துபோன செய்தியை நாம் எத்தனை தடவை பார்த்திருக்கிறோம்! வயரிங் ஒழுங்காகத் தெரிந்த ஒருவன் தோட்டத்துக்குள் குடியிருந்தால் அதுவே பெரிய காவல்.

குறை இல்லாமல் இல்லை. பல பாடநெறி சிங்களத்தில்தான் நடக்கிறது, தமிழில் சொல்லிக்கொடுக்கிற ஆட்கள் போதாது. தம்பிக்குச் சிங்களம் ஓரளவு வரும், சமாளிப்பான். வராத பிள்ளை பாதியில் நின்றுவிடுகிறது. நம் தலைவர்கள் கட்டடம் திறந்து ரிப்பன் வெட்டுவதில் காட்டுகிற வேகத்தை வாத்தியார் போடுவதிலும் காட்டினால் நல்லது. டவுனில் தனியார் வகுப்புகளும் நிறைய. எது அரசின் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்தது என்று பார்க்காமல் காசு கட்டக்கூடாது. அதை நான் பார்த்துக்கொள்கிறேன். செலவைப் பற்றிக் கவலைப்படாதே. அரசு நிலையம் என்பதால் பெரும்பாலும் பஸ் காசும் சோற்றுப் பார்சலும்தான்.

அப்புறம், உன் விசயம். இத்தனை வருசம் என்ஜின் இறக்கி ஏற்றியும் உன் கையில் ஒரு கடுதாசி கிடையாது. வகுப்புக்குப் போகாமல் வேலையிலேயே பழகினவர்களையும் பரீட்சித்துப் பார்த்து இதே என்விகியூ கொடுக்கிறார்கள். செய்து காட்டச் சொல்வார்கள், கேள்வி கேட்பார்கள். வெளிநாடு போகிற யோசனை உனக்கு இருப்பது அம்மாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அந்தத் தாள் இருந்தால் ஏஜென்சிக்காரனிடம் நிமிர்ந்து பேசலாம்.

முதலாளியிடம் சேவைக் கடிதம் ஒன்று கேட்டு வை. தீபாவளிக்கு வரும்போது அதையும் அடையாள அட்டைப் பிரதியையும் கொண்டு வா, இரண்டு பேரையும் ஒன்றாகக் கூட்டிப் போகிறேன். தம்பிக்கு ஒரு நல்ல டெஸ்டரும் பிளையரும் பஞ்சிகாவத்தையிலேயே பார்த்து வாங்கு. இங்கே விலை அதிகம்.

அன்புடன்,
அப்பா