மூத்தோர் தடகளப் போட்டி அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். அஞ்சல் துறையில் ஓய்வு பெற்றபின் 63 வயதில் குண்டு எறிதல் கற்றுக்கொண்டு, 9 ஆண்டுகளாக ஊர் ஊராகப் போட்டிகளுக்குப் போய்வருபவன் நான்.

நானும் மனைவியும் சேர்ந்தேதான் கிளம்புவோம். தஞ்சாவூரில் போட்டி என்றால் காலையில் மைதானம், மாலையில் பெரிய கோயில், மறுநாள் திருவையாறு என்று மூன்று நாள் தங்கி, விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் ஆட்டோவுக்கும் தாராளமாகவே செலவழித்துவிட்டுத் திரும்புவோம். எங்களைப் போன்றவர்களுக்கு ஆண்டில் வாய்க்கும் சுற்றுலாவே இதுதான். ஆனால், எந்த வயதுப் பிரிவுக்கு எந்த நாள் என்ற அட்டவணை நான்கு நாள் முன்புதான் வாட்ஸ்அப்பில் வருகிறது. ரயில் முன்பதிவோ 60 நாள் முன்பே திறந்துவிடுகிறது. நாங்கள் போய்ப் பார்க்கும்போது கீழ்ப்படுக்கை ஒன்றுகூட மிஞ்சியிருப்பதில்லை. (மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றுபோனது உங்கள் கையில் இல்லை, அறிவேன்.) முழங்கால் தேய்ந்தவர் இரவெல்லாம் மேல்படுக்கையில் கிடந்துவிட்டு, விடிந்ததும் களத்தில் இறங்க வேண்டியிருக்கிறது. அட்டவணையை 70 நாள் முன்பே வெளியிட வேண்டுகிறேன்.

குண்டின் எடையையும் சொல்லியாக வேண்டும். விதிப்படி ஆண்களில் 70 முதல் 79 வயது வரை 4 கிலோ, 80க்கு மேல் 3 கிலோ. ஒரு போட்டியில் 84 வயதுப் பெரியவர் கையிலும் 4 கிலோ குண்டையே கொடுத்து, “மூணு கிலோ வரல சார், சமாளிச்சுக்குங்க” என்றார் ஒரு தன்னார்வலர். பெரியவர் மறுபேச்சில்லாமல் எறிந்தார். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

தொடக்க விழாக்களில் நீங்கள் தவறாமல் குறிப்பிடும் மன் கௌர், 93 வயதில் ஓடத் தொடங்கி, 2017இல் ஆக்லாந்தில் தம் 101ஆம் வயதில் 100 மீட்டரில் தங்கம் வென்றவர். பகவானி தேவி, 2022இல் பின்லாந்தின் தம்பேரே நகரில் 94 வயதில் அதே தூரத்தை 24.74 விநாடியில் ஓடியவர். விநாடியின் நூறில் ஒரு பங்கையும் அங்கே ஒருவர் குறித்துவைத்திருக்கிறார். இங்கே நான் எறிந்து முடித்ததும் ஒலிபெருக்கியில் “தாத்தாவுக்கு ஒரு கைதட்டல்!” என்று கேட்டது, தூரம் அறிவிக்கப்படவில்லை. மேசையருகே போய் விசாரித்தேன். “ஏழு சொச்சம் சார்” என்றார்கள்.

அந்தச் சொச்சம் எத்தனை சென்டிமீட்டர் என்று தெரிந்துகொள்ளத்தான் ஆண்டு முழுவதும் பயிற்சி செய்கிறேன். அடுத்த முறை அதை அளந்து, எழுதித் தாருங்கள்.

இப்படிக்கு,
70 வயதுப் பிரிவுப் போட்டியாளர் ஒருவர்,
திருநெல்வேலி