செய்ததை மட்டும் கேட்கும் வினாத்தாள்: ஆங்கிலத் தவணைப் பரீட்சைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய வினாத்தாள் குழுவினருக்கும் சேவைக்கால ஆலோசகர்களுக்கும்,

வணக்கம். தரம் 8க்குக் கடந்த தவணையில் வந்த ஆங்கில வினாத்தாளை இன்னொரு தடவை எடுத்துப் பாருங்கள். சாதாரண இறந்தகாலத்துக்குப் பத்து இடைவெளிகள், அடைப்புக்குள் வினைச்சொற்கள். பத்தும் உடன்பாட்டு வாக்கியங்கள். எதிர்மறை ஒன்றுகூட இல்லை, கேள்வியும் இல்லை. அதற்கு முந்திய தவணையிலும் இதே கதைதான்.

'கோ, வென்ட், கோன்' என்று பட்டியலைப் பாடமாக்கிய பிள்ளை இதில் பத்துக்குப் பத்து எடுக்கும். அதே பிள்ளை கட்டுரையில் 'ஐ டிட் நொட் வென்ட்' என்று எழுதும். பிள்ளையில் பிழை இல்லை. இறந்தகாலம் என்றால் 'வென்ட்' என்றுதான் பட்டியல் சொன்னது. 'டிட்' வந்தால் காலத்தை அதுவே காட்டிவிடும், பின்னால் வரும் வினை அடிவடிவத்துக்குத் திரும்பிவிடும் என்பது பட்டியலில் கிடையாது. தமிழிலும் 'போகவில்லை' என்கிறோம், 'போனவில்லை' என்பதில்லை. இதைக் கரும்பலகையில் எழுதிக்காட்டினால் ஒரு பாடவேளைக்குள் விளங்கப்படுத்திவிடலாம். கூடவே 'வொஸ்', 'வேர்' இரண்டும் 'டிட்'டோடு சேராது என்பதையும் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த கிழமை 'டிட் நொட் வொஸ்' வந்து நிற்கும்.

கேள்வி அமைப்பது இதைவிடச் சிக்கல். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. இந்த ஒரு செய்தியை வைத்தே இரண்டு விதமாகக் கேட்கலாம். 'வென் டிட் த ஜப்பனீஸ் அட்டாக் டிரிங்கோமலி?' என்பதில் 'டிட்' வேண்டும். 'ஹூ அட்டாக்ட் டிரிங்கோமலி இன் 1942?' என்பதில் 'ஹூ'வே எழுவாய். ஆகவே 'டிட்' வராது, வினை இறந்தகால வடிவிலேயே நிற்கும். சாதாரண தரம் வரை வந்த பிள்ளைகளும் இந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். பரீட்சையில் வராததைப் படிப்பிக்க வகுப்பில் நேரம் ஒதுக்குவது எவ்வளவு கடினம் என்று உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை.

நாங்கள் கேட்பது ஒன்றுதான்: பத்தில் நான்கு உடன்பாடு, மூன்று எதிர்மறை, மூன்று கேள்வி என்று பிரித்துப் போடுங்கள்.

உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களில் வேலைக்குச் சேரும் இளைஞர்களிடம் யாரும் அடைப்புக்குறி போட்டுப் பேசுவதில்லை. 'டிட் யூ கோல் த டக்ஸி?' என்றுதான் கேட்பார்கள். இப்போதைய வினாத்தாளின்படி நம் பிள்ளைகள் செய்ததை எல்லாம் ஆங்கிலத்தில் சொல்வார்கள். செய்யவில்லை என்று சொல்லமாட்டார்கள், எவரையும் எதிர்க்கேள்வியும் கேட்கமாட்டார்கள். அலுவலகங்களுக்கு இது வசதியாக இருக்கலாம். மிச்சத்தை மின்கம்பங்களில் தொங்கும் ஸ்போகன் இங்கிலிஷ் விளம்பரங்கள் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டீர்களோ தெரியாது.

புள்ளித்திட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். 'லேர்ன்' என்ற வினைக்கு 'டி'யில் (t) முடியும் 'லேர்ன்ட்'டை மட்டும் சரியென்று போட்டு, 'ஈடி' (ed) சேர்த்து எழுதியதைப் பிழையாக்கியிருக்கிறீர்கள். இரண்டும் சரி. அந்தப் புள்ளி பிள்ளைகளுக்குத் திரும்பவேண்டும். 'ரீட்', 'புட்' போன்றவற்றைத் தனிச்சொல்லாகக் கேட்பதிலும் பயன் இல்லை; எழுத்து மாறாததால் பார்த்து எழுதியவருக்கும் புள்ளி, தெரிந்து எழுதியவருக்கும் புள்ளி. 'ஷீ ரெட் (read) த லெட்டர்' என்று வாக்கியமாகக் கொடுத்து, 'எஸ்' இல்லாததால் இது இறந்தகாலம் என்று கண்டுபிடிக்கச் சொல்லலாமே. 'ஸ்டொப்'புக்குப் 'பி' இரட்டிக்கும், அழுத்தம் முதல் அசையில் விழும் 'விசிட்'டுக்கு 'டி' (t) இரட்டிக்காது. சோதிக்க இப்படி எவ்வளவோ இருக்கிறது.

உச்சரிப்பை எழுத்துப் பரீட்சையில் கேட்கமுடியாதுதான். ஆனால் 'வோக்ட்' (walked), 'வோஷ்ட்' (washed) என்பவற்றை 'வோக்கெட்', 'வோஷெட்' என்று வாசிக்கும் வகுப்புகளுக்கு, t அல்லது d ஒலியில் முடியும் 'வோன்ட்' (want), 'நீட்' (need) போன்ற வினைகளுக்கு மட்டுமே 'ஈடி' சேரும்போது தனி அசை கூடும் என்று ஆசிரியர் குறிப்பில் இரண்டு வரி சேர்க்கலாம்.

கோபத்தில் சில வார்த்தைகள் கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த தவணை வினாத்தாள் அச்சுக்குப் போகமுன், எதிர்மறைக்கும் கேள்விக்கும் ஆறு புள்ளியை ஒதுக்கித்தாருங்கள் என்று பணிவோடு கேட்கிறோம்.

இப்படிக்கு,
ஆங்கிலம் கற்பிப்போர் சிலர்,
திருகோணமலை