நம் தளங்களுக்குத் தனியான புகுபதிகைச் சேவை வேண்டும்: ஒருங்கிணைப்புக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஒருங்கிணைப்புக் குழுவினருக்கு,

வணக்கம். பழைய தமிழ் நூல்களை மின்னூலாக்கும் நம் தளத்தில் மெய்ப்புப் பார்ப்பவர்களுள் ஒருவனாக இம்மடலை எழுதுகிறேன். மெய்ப்புத் தளம், சொல் தொகுப்புத் தளம், ஒலிப்பதிவுத் தளம் ஆகிய மூன்றும் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு தன்னார்வலர்களால், அவரவருக்குப் பழகிய மென்பொருளில் கட்டப்பட்டவை. அதனால் மூன்றிலும் தனித்தனிக் கணக்கு, தனித்தனிக் கடவுச்சொல். நான்காவதாகப் படத் தொகுப்பு ஒன்றைத் தொடங்கப் போவதாகச் சென்ற கூட்டத்தில் அறிவித்தீர்கள். அதற்கும் ஒரு பதிவுப் படிவத்தை எழுதத் தொடங்கும் முன்பே, புகுபதிகையையும் (கணக்கின் வழியே தளத்துக்குள் நுழைவதையும்) கணக்கு மேலாண்மையையும் மட்டும் கவனிக்கும் தனிச் சேவை ஒன்றைக் கட்டி, நான்கு தளங்களையும் அதனுடன் இணைக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

எழுபது வயதைக் கடந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நம்மிடையே இருக்கிறார். ஆயிரக்கணக்கான பக்கங்களுக்கு மெய்ப்புப் பார்த்தவர். அவருக்கு மின்னஞ்சல் முகவரி தொடங்கிக் கொடுத்தது பேரன். அந்த முகவரியும் மறந்து, நம் தளத்தின் கடவுச்சொல்லும் மறந்தபோது, மீட்டுக் கொடுக்க நம்மிடம் வழியே இருக்கவில்லை. புதுக் கணக்கில் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். பழைய பெயரில் கிடக்கும் உழைப்பு இன்று யாருடையது என்று தளத்துக்குத் தெரியாது. கணக்கு என்பதை நாம் நுழைவுச் சீட்டாகவே நினைத்துவந்தோம்; தன்னார்வலருக்கோ அதுதான் அவர் செய்த வேலைக்கு இருக்கும் ஒரே பட்டா.

மூன்று தளங்களும் கடவுச்சொற்களை எப்படிச் சேமிக்கின்றன என்று கேட்டபோது எனக்கு மூன்று விதமான விடைகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்றை இங்கு எழுத முடியாது. ஒரே கடவுச்சொல்லைப் பல இடங்களில் பயன்படுத்துவது மனித இயல்பாகையால், மூன்றில் எது மிக மெலிந்ததோ அதன் வலிமையே மற்ற இரண்டின் வலிமையும் ஆகும். 2009இல் ராக்யூ நிறுவனத்திடமிருந்து 3 கோடிக்கும் மேற்பட்ட கடவுச்சொற்கள் குறியாக்கம் ஏதுமின்றி அப்படியே வெளியேறின. கடவுச்சொல் உடைப்பவர்கள் இன்றும் முதலில் எடுத்துப் பார்க்கும் பட்டியல் அதுதான். நாம் சிறியவர்கள், நம்மை யார் தேடி வரப் போகிறார்கள் என்ற எண்ணத்துக்கு இங்கே இடமில்லை. தேடி வருவது ஆளன்று, தானியங்கி நிரல்.

நாம் கேட்பது புதிதுமன்று. விக்கிமீடியா திட்டங்களில் ஒரு காலத்தில் தமிழ் விக்கிப்பீடியாவுக்கு ஒரு கணக்கு, விக்சனரிக்கு வேறொரு கணக்கு என்றே இருந்தது. 2008இல் ஒருங்கிணைந்த கணக்கு முறை அனைவருக்கும் திறக்கப்பட்டது. ஆனால் ஒரே பெயரை வெவ்வேறு தளங்களில் வெவ்வேறு ஆட்கள் வைத்திருந்த சிக்கலை முழுமையாகத் தீர்க்க 2015 வரை ஆயிற்று. இறுதியில், மோதிய பெயர்களின் பின்னால் ஓர் அலைக்குறியும் தளத்தின் குறியீடும் ஒட்டிப் பெயர் மாற்ற வேண்டியிருந்தது. தளங்கள் பெருகிய பின் கணக்குகளை இணைப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு அந்த ஏழாண்டுகளே சான்று. நம்மிடம் மோதும் பெயர்கள் இன்று விரல்விட்டு எண்ணும் அளவிலேயே இருக்கும். இரண்டு பேரையும் தொலைபேசியில் அழைத்துப் பேசியே தீர்த்துவிடலாம்.

கூகுள் கணக்கு வழியாக உள்ளே விட்டால் போதாதா என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். கூடுதல் வசதியாக அது இருக்கலாம். அதையே அடித்தளமாக்கக் கூடாது. நல்ல நோக்கத்துடன், ஃபயர்பாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொசில்லா 2011இல் தொடங்கிய பெர்சோனா என்னும் புகுபதிகைச் சேவை 2016 நவம்பர் 30 அன்று மூடப்பட்டது; அதை மட்டும் நம்பியிருந்த தளங்கள் மாற்றுவழி தேடி ஓடின. ஒருவருடைய கூகுள் கணக்கு முடக்கப்பட்டால், அவர் மெய்ப்புப் பார்த்த நூலுக்குள் நுழையும் உரிமையும் அதோடு போய்விடக் கூடாது.

அதேபோல, எல்லாவற்றையும் நாமே முதலிலிருந்து எழுத வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. ஒரே கணக்கால் பல தளங்களில் நுழைய உதவும் ஓப்பன் ஐடி கனெக்ட் என்னும் பொது நெறிமுறை 2014 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதைப் பின்பற்றும் கீகிளோக் போன்ற திறந்த மூல மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் அவற்றை நிறுவி அப்படியே விட்டுவிட முடியாது. தமிழுக்கென்று நாம் செய்ய வேண்டிய வேலை அங்கேதான் தொடங்குகிறது.

கீகிளோக்கின் அண்மைப் பதிப்புகள், உருவ ஒற்றுமையைப் பயன்படுத்தி ஆள்மாறாட்டம் செய்வதைத் தடுப்பதற்காக, இயல்பு அமைப்பில் லத்தீன் எழுத்துப் பயனர் பெயர்களையே ஏற்கின்றன. தமிழில் பெயர் வைக்க வேண்டுமானால் அந்தச் சோதனையை நாம் நீக்க வேண்டும். நீக்கினால் அதன் இடத்தில் நமக்கான சோதனை ஒன்றை வைத்தாக வேண்டும். ஏனென்றால் தமிழிலும் அந்த ஆபத்து உண்டு. தமிழ் எண் ௧ ‘க’ போலவும், ௨ ‘உ’ போலவும், ௭ ‘எ’ போலவும், ௮ ‘அ’ போலவும் தோன்றுபவை. ‘உமா’ என்பவர் ஏற்கெனவே இருக்க, ‘௨மா’ என்று இன்னொருவர் பதிந்தால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது அரிது. ‘கௌரி’ என்பதைக் கொம்புக்கால் இட்டும் எழுதலாம். ஒற்றைக் கொம்பும் ளகரமுமாகக் ‘கெளரி’ என்றும் தட்டலாம். இரண்டாவதைப் பலர் தவறென்றே அறியாமல் தட்டுகிறார்கள். திரையில் ஒன்றாகத் தெரியும் இவை கணினிக்கு இரு வேறு ஆட்கள்.

‘கொ’ என்பதை ஒற்றைக் கொம்பும் காலும் எனத் தனித்தனிக் குறிகளாக ஒரு விசைப்பலகை தரலாம், ஒரே குறியாக இன்னொன்று தரலாம்; இந்த வேறுபாட்டை, ஒரே எழுத்தின் வெவ்வேறு குறி வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோடு நெறிப்படுத்தலே சரிசெய்துவிடும். ளகரக் குழப்பத்தையும் எண் குழப்பத்தையும் அது தொடாது. ஆகவே ஒவ்வொரு பெயருக்கும், காட்டுவதற்கு ஒரு வடிவமும் ஒப்பிடுவதற்கு உள்ளே ஒரு வடிவமுமாக இரண்டை வைத்துக்கொண்டு, ஒப்பீட்டு வடிவம் ஏற்கெனவே இருந்தால் புதுப் பதிவை மறுக்க வேண்டும். விக்கிமீடியா இதற்கென ஒரு நீட்சியையே வைத்திருக்கிறது.

கடவுச்சொல்லிலும் இப்படியொரு பள்ளம் உண்டு. கடவுச்சொல்லை அப்படியே வைக்காமல் குறியாக்கிச் சேமிக்கப் பரவலாகப் பயன்படும் பிகிரிப்ட் முறை முதல் 72 பைட்டுகளை மட்டுமே கணக்கில் கொள்ளும். ஆங்கிலத்தில் அது 72 எழுத்து, கணினி எழுத்துகளைப் பதியும் யூ.டி.எஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட்டுகள் என்பதால் நமக்கு அது 24 குறிகளே. புள்ளியும் தனிக் குறி என்பதால், ‘வணக்கம்’ என்ற ஐந்தெழுத்துச் சொல்லுக்கே 7 குறிகள், 21 பைட்டுகள். முதல் குறளை ஒருவர் கடவுச்சொல்லாக வைக்கிறார் என்று கொள்வோம் (வைக்கக் கூடாது, உலகமே அறிந்த குறள்). ‘அகர முதல எழுத்தெல்லாம் ஆதி’ என்பது, ஒவ்வொன்றும் ஒரு பைட்டான இடைவெளிகளோடு, மிகச் சரியாக 72 பைட்டுகள். அடுத்து வரும் பகவனை அந்த முறை பார்க்கவே பார்க்காது. இந்த வரம்பு வெறும் ஏட்டுச் சங்கதியன்று. புகுபதிகையையே தொழிலாகக் கொண்ட ஆக்டா நிறுவனம் பயனர் பெயரோடு கடவுச்சொல்லையும் சேர்த்துக் குறியாக்கியது; அங்கே 2024இல், 52 எழுத்துகளும் அதற்கு மேலும் உள்ள பயனர் பெயர்களில் சில சூழல்களில் கடவுச்சொல்லே இல்லாமல் நுழைய முடிந்ததற்கு இதுவே காரணம். இவ்வரம்பு இல்லாததும், 2015இல் கடவுச்சொல் குறியாக்கப் போட்டியில் வென்றதுமான ஆர்கான்2 முறையையே நாம் கொள்ள வேண்டும். குறியாக்கும் முன் கடவுச்சொல்லையும் யூனிகோடு நெறிப்படுத்தலுக்கு உட்படுத்த வேண்டும். இல்லையென்றால் கணினியில் வைத்த கடவுச்சொல் கைப்பேசியில் செல்லாது போகும்.

கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியில் வரும் ஓடிபியை ஒரே மீட்பு வழியாக வைக்க வேண்டாம் என்று தனியாக வேண்டுகிறேன். இந்தியாவில் செயலிழந்த கைப்பேசி எண் 90 நாள் கழித்து வேறொருவருக்கு வழங்கப்படலாம். அப்போது கணக்கும் அவர் கைக்குப் போகும். மேலும், குறுஞ்செய்தி அனுப்ப அமைப்பின் பெயரையும் செய்தியின் வாசகத்தையும் தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் முன்கூட்டியே பதிய வேண்டும். பதிவுபெற்ற அமைப்பே இல்லாத நமக்கு அது பெருஞ்சுமை. யாழ்ப்பாணத்திலும் டொராண்டோவிலும் இருக்கும் நம்மவர்களுக்கு அனுப்பும் செலவு வேறு. பதியும்போதே கணக்கை மீட்க உதவும் குறியீடுகளைக் கொடுத்து, தாளில் எழுதி வைக்கச் சொல்லலாம். அதுவும் தொலைந்தால், அவரை நேரில் அறிந்த இரு மூத்த தன்னார்வலர்கள் உறுதியளித்து, ஒரு வாரக் காத்திருப்புக்குப் பின் கணக்கைத் திருப்பிக் கொடுக்கும் முறை வேண்டும். அந்த ஆசிரியைக்கு நாம் கொடுத்திருக்க வேண்டியது இதைத்தான்.

கணக்கை அழிக்கக் கேட்பவர்களுக்கும் தெளிவான விடை வேண்டும். நம் ஆக்கங்கள் பெயர் குறிப்பிடும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பதால், மின்னஞ்சல் முதலிய சொந்த விவரங்களை நீக்கிப் பெயரை அடையாளமற்றதாக மாற்றுவதே பொருத்தம் என்பது என் கருத்து. பள்ளி மாணவர்கள் சொல் தொகுப்புத் தளத்துக்கு வருகிறார்கள். இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோருக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. தனிச் சேவை இருந்தால் இதை ஓரிடத்தில் செய்தால் போதும்.

இதற்குத் தனி வழங்கிக் கணினி (சர்வர்) ஒன்றும், அதன் பொறுப்பை மாறி மாறி ஏற்க இருவரும் தேவை. ஒருவர் போதாது; அவர் ஊருக்குப் போனால் நான்கு தளங்களும் பூட்டிக்கிடக்கும். இத்திட்டத்தின் மிகப் பெரிய பலவீனம் இதுதான் என்பதை மறைக்க விரும்பவில்லை. அந்த இருவருள் ஒருவனாக இருக்கவும், பழைய கணக்குகளை ஒப்பிட்டுப் பட்டியலிடும் வேலையைத் தொடங்கவும் நான் ஆயத்தமாக இருக்கிறேன். படத் தொகுப்புத் தளத்தின் பதிவுப் படிவத்தை அடுத்த கூட்டம் வரை நிறுத்திவைத்து, இவ்வேண்டுகோளை முதல் பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மெய்ப்புப் பார்க்கும் தன்னார்வலர் ஒருவன்