கரைந்த உப்பு எங்கே போனது?

சைதாப்பேட்டை, சென்னை - 15
ஞாயிறு இரவு

அன்புள்ள கயல்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பாடக்குறிப்பேடும் சார்ட்டும் வீடெங்கும் இறைந்து கிடந்ததில் பதில் எழுத உட்கார முடியவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

"எம்.ஏ., எம்.பில். முடித்து ஆறு வருடம் கல்லூரியில் பாடம் எடுத்தவள், பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பொருளாதாரம் சொல்லித்தர மறுபடி இரண்டு வருடம் பி.எட். படிக்க வேண்டுமா?" என்று கேட்டிருந்தாய். மருந்து ஆலையின் ஆய்வகத்தை விட்டு பி.எட்.டுக்கு வரும்போது நானும் இதே கேள்வியோடுதான் வந்தேன். எம்.எஸ்ஸி. வேதியியல், பதினோரு வருட வேலை. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைத்தேன்.

விதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மேல்நிலை வகுப்புக்கு முதுகலை ஆசிரியராக வேண்டுமானால் எம்.ஏ.வோடு பி.எட். கட்டாயம். எம்.பில். அதற்கு ஈடாகாது. டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வு எட்டாம் வகுப்பு வரையிலான பாடங்களுக்கு என்று வந்தது. பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு இப்போது அது தேவையில்லை. நேரே ஆசிரியர் தேர்வு வாரியத்தின் டி.ஆர்.பி. தேர்வு எழுதலாம். 150 கேள்விகளில் 110 உன் பாடத்திலிருந்து, 30 கல்வியியலிலிருந்து, 10 பொது அறிவு. இவை போக, தமிழ்த் தகுதித் தாளில் 50-க்கு 20 மதிப்பெண் எடுத்தால்தான் மற்ற விடைத்தாளையே திருத்துவார்கள். உன் எம்.ஏ. வீண் என்று வருந்தியிருந்தாய். நம் மாநிலத்தில் பொருளாதாரம் படித்தவர்களை முதுகலை இருந்தால்தான் பி.எட்.டிலேயே சேர்த்துக்கொள்கிறார்கள். அதுதான் உனக்கு வாசல்.

நம்மோடு படித்தவர்கள் 2012-இல் ஒரே வருடத்தில் முடித்தார்களே என்கிறாய். உண்மைதான். 2014-இல் விதிமுறை மாறி, அடுத்த ஆண்டிலிருந்து இரண்டு வருடமாகிவிட்டது. முதுகலை முடித்தவர்களுக்கு ஓராண்டு போதும் என்று 2020 தேசியக் கல்விக் கொள்கை சொல்கிறது. 2025-இல் வரைவு விதிமுறையும் வெளியானது. வரைவை நம்பி வருடங்களைக் கடத்தாதே, கயல். நமக்கு வயது முப்பத்தாறு. தபால் வழியில் முடிக்கலாம் என்று உன் சித்தப்பா சொன்னாராம். அது ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி பெற்றவர்களுக்கு. வகுப்புக்கே வராமல் வெளிமாநிலச் சான்றிதழ் வாங்கித் தருகிறோம் என்று எவராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடு. என்னோடு டியூஷன் எடுத்த ஒரு பெண் அப்படி எண்பதாயிரத்தை இழந்துவிட்டு நின்றாள். எந்தக் கல்லூரியானாலும் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று நீயே பார்த்துக்கொள்.

இனி நான் உண்மையில் எழுத நினைத்தது.

முதல் ஆண்டில் நுண்நிலைக் கற்பித்தல் என்று ஒன்று உண்டு. ஆறேழு நிமிடம், ஒரே ஒரு திறன், எதிரே மாணவர்களாக உட்கார்ந்திருப்பது உன் வகுப்புத் தோழிகள். அன்று எனக்குக் கிளர்வினா. ஒரு விடையிலிருந்து அடுத்த கேள்வியைப் பிடித்து மேலே போக வேண்டும். நான் கேட்டேன், அவர்கள் சொல்வதற்குள் நானே விடையும் சொன்னேன். ஆறு நிமிடத்தில் ஒன்பது முறை. பேராசிரியை எண்ணி வைத்திருந்தார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது இரண்டாம் ஆண்டு, பதினாறு வாரம் பள்ளியிலேயே பயிற்சி. எனக்குக் கிடைத்தது ஒன்பதாம் வகுப்பு. கரைசல்கள் பாடம். உப்பைத் தண்ணீரில் போட்டுக் கலக்கிக் காட்டி, "இப்போது எடை கூடியிருக்குமா?" என்று கேட்டேன். முக்கால்வாசிப் பிள்ளைகள் இல்லை என்றார்கள். மூன்றாவது பெஞ்சில் ஒருத்தி எழுந்து, "உப்புதான் கரைஞ்சு போச்சே மிஸ், அப்புறம் எப்படிக் கூடும்?" என்றாள்.

மில்லிகிராமுக்கும் கீழே எடை பார்த்த கை என்னுடையது. அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் தயாராக இல்லை. வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் விளங்கியது. நம் பேச்சில் கரைவது என்றால் இல்லாமல் போவது. காசு கரைந்தது என்கிறோம், உடம்பு கரைந்தது என்கிறோம். அவள் தவறாகச் சொல்லவில்லை. பிறந்தது முதல் கேட்ட தமிழைச் சொன்னாள். என் எம்.எஸ்ஸி. புத்தகத்தில் அந்தப் பெண் நிற்கும் இடம் இல்லை. பி.எட். எனக்கு அந்த இடத்தைத் தேடிப் பார்க்கச் சொல்லித்தந்தது.

மறுநாள் தெருமுனைக் காய்கறிக்கார அக்காவிடம் மின்னணுத் தராசை இரவல் வாங்கிப்போனேன். பாத்திரமும் தண்ணீரும் சேர்த்து 600 கிராம். ஐம்பது கிராம் உப்பை அந்தப் பெண்ணையே போடச் சொன்னேன். கலக்கக் கலக்க உப்பு கண்ணுக்கு மறைந்தது. தராசில் 650 அசையாமல் நின்றது. நாற்பது தலைகள் மேசையைச் சூழ்ந்துகொண்டன. நான் வாயைத் திறக்கவில்லை, கயல். அதற்குத்தான் எனக்கு ஒன்றரை வருடம் ஆகியிருக்கிறது.

தினமும் பஸ்ஸில் அண்ணா சாலை வழியே போகும்போது சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியைக் கடக்கிறேன். 1856-இல் தொடங்கியது. எம்.ஏ. முடித்து மாநிலக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு டாக்டர் ராதாகிருஷ்ணன் பயிற்சிக்கு வந்ததும் இங்கேதான். நீ சேர்ந்தால் நம் வீட்டு மாடி அறை உனக்கு. ரெக்கார்டு எழுதுவது மட்டும் பெரிய பாரம். படம் வரைந்தே பாதி இரவு போய்விடும், அதில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. இளங்கலை, முதுகலை மதிப்பெண் பட்டியல்களையும் மாற்றுச் சான்றிதழையும் இப்போதே எடுத்து வை.

தராசைத் திருப்பி எடுத்துவரும்போது அந்தப் பெண் வாசல் வரை வந்து, "அப்போ கற்பூரம் எங்கே மிஸ் போகுது?" என்று கேட்டாள். செவ்வாய்க்கிழமைக்கு அதைத்தான் தயார் செய்துகொண்டிருக்கிறேன். உனக்கு ஒரு வேலை தருகிறேன். விலைவாசி ஏறும்போது கையிலிருக்கும் காசு கரைகிறது என்கிறோமே, எண்ணிப் பார்த்தால் நோட்டு அப்படியே இருக்கிறது. இதைப் பிளஸ் ஒன் பிள்ளைக்கு எந்தக் கேள்வியில் தொடங்குவாய்? விடையை எழுதாதே, கேள்வியை மட்டும் எழுது.

அன்புடன்,
வசந்தி